கடுக்கன் புத்தகத்துக்கு வயது குறைந்த கதை

அம்பாசமுத்திரம் வண்டிமறிச்சம்மன் கோயில் தெருவில், சர்வே ஆபீஸில் படம் வரைந்து ஓய்வு பெற்ற குற்றாலிங்கத்தின் வீட்டுப் பீரோவில், பழைய மல் வேட்டியில் சுற்றி நடுவில் வேப்பிலை வைத்துப் பூட்டியிருந்த ஒரு புத்தகத்துக்கு, ஆனி மாதத்தில் வயது குறையத் தொடங்கியது. அதே வாரத்தில்தான் தெருக்குழாயில் தண்ணீர் வருவதும் நின்றது என்பதால், அந்த வருஷத்தைத் தண்ணீர் வராத வருஷம் என்று சொல்கிறவர்கள் எங்கள் தெருவில் பாதிப் பேர், புத்தகம் குழந்தையான வருஷம் என்று சொல்கிறவர்கள் பாதிப் பேர். இரண்டும் நடந்தது உண்மைதான். தண்ணீர் மட்டும் திரும்பி வந்துவிட்டது.

புத்தகத்தின் பெயர் 'பங்கஜரத்னம் அல்லது காணாமற்போன கடுக்கன்'. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கில், முன்சீப் கோர்ட்டு குமாஸ்தா சங்குமுத்துப் பிள்ளை என்பவர் எழுதி அச்சடித்த நாவல் அது. வெளிவந்த மாதமே அவருடைய மாமனார், பெரிய நெல் வியாபாரி, கடை கடையாக ஆள் அனுப்பி எல்லாப் பிரதிகளையும் வாங்கிவிட்டார். மருமகன் மேல் இவ்வளவு பிரியமா என்று ஊர் நெகிழ்ந்துபோய் நிற்க, அவர் வாங்கின அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் போட்டு மார்கழி முழுக்கச் சுடச்சுடக் குளித்தார். ஏன் எரித்தார் என்று அவரும் சொல்லவில்லை, மருமகனும் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. ஒரே ஒரு பிரதி தப்பியது, அதுவும் எப்படியென்றால், நூலாசிரியரிடமே அதை இரவல் வாங்கிப்போன ஒரு புண்ணியவான் திருப்பிக் கொடுக்காமல் இருந்துவிட்டான். அவன் யோக்கியனாக இருந்திருந்தால் அதுவும் வெந்நீராகப் போயிருக்கும். அவன் கையிலிருந்து ஒரு வாசகசாலைக்குப் போய், வாசகசாலையிலிருந்து தென்காசியில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கே தராசுத் தட்டில் ஏறப் போன நேரத்தில் குற்றாலிங்கம் அதைத் தடுத்து ஆட்கொண்டார்.

பழம் புத்தகம் சேர்க்கிறவர்கள் ஒரு தனி ரகம். படிக்கிறவன் புத்தகத்தைக் கெடுக்கிறவன் என்பது அவர்கள் கட்சி. குற்றாலிங்கம் அந்தப் புத்தகத்தைக் கிளி மூக்குத் திறக்கிற அளவுக்கு மேல் விரித்ததில்லை, அதற்கு மேல் விரித்தால் முதுகு ஒடிந்துவிடுமாம். எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் பூச்சி ஓட்டை, எந்த மூலையில் எண்ணெய்க் கறை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கதை மட்டும் தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஆவுடையம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"அதுல கதை என்ன?"

"பழைய கதை."

"பழைய கதைன்னா?"

"ஆயிரத்தெண்ணூத்தித் தொண்ணூத்தி நாலு."

அதற்குப் பிறகும் அவள் வருஷத்துக்கு ஒருமுறை, பீரோவை ஒட்டடை அடிக்கிற அன்றைக்கு, அதே கேள்வியைக் கேட்டாள், அதே வருஷத்தைப் பதிலாக வாங்கிக்கொண்டாள். ஒரு கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்து, நாங்கள் ஸ்கேன் செய்து பத்திரமாக வைத்துக்கொள்கிறோம் என்று மன்றாடியபோது, "அப்பொறம் உலகத்துல ரெண்டாயிரும்லா?" என்று கேட்டு, குற்றாலிங்கம் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

கதையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வாசகசாலைப் புத்தகங்களில் முன்னால் படித்த மகராசன் எவனாவது திருடன் யார் என்பதை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுப் போவானே, அந்த வழக்கப்படி மூன்றாம் அத்தியாயத்தில் பென்சிலால், 'களவாண்டது தவசிப்பிள்ளை' என்று எவனோ எழுதியிருந்தான். இது தெரிந்தபிறகு படிப்பானேன் என்று அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள். குற்றாலிங்கம் இதை டீக்கடையில் ஒருமுறை பெருமையாகச் சொல்லப் போக, அன்றையிலிருந்து எங்கள் தெருவில் கல்யாணச் சமையல் செய்யும் தவசிப்பிள்ளை கோமதிநாயகத்துக்குக் 'கடுக்கன்' என்று பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. பாவம், அவர் காதில் துளையே கிடையாது.

முதலில் போனது பூச்சி ஓட்டை. அட்டை முதல் கடைசிவரை கிணறு மாதிரி இறங்குகிற ஓட்டை, அதை வைத்துத்தான் இது தம்முடைய பிரதி என்று அவர் சத்தியம் செய்வார். காலையில் வேட்டியைப் பிரித்தார், ஓட்டை இல்லை. "ஏட்டி, என் ஓட்டையை எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆவுடையம்மாள் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். மறுநாள் எண்ணெய்க் கறை மறைந்தது. பிறகு தாள் தேன் நிறத்திலிருந்து மோர் நிறத்துக்கு வந்தது, பழைய வாசனை போய் அச்சு மை வாசனை அடித்தது, உடைந்திருந்த மூலைகள் முளைத்து நிமிர்ந்தன.

"நல்லதுதானே, புதுசா ஆகுது" என்றாள் ஆவுடையம்மாள்.

"புதுசு வேணும்னா பள்ளிக்கூடப் புஸ்தகம் வாங்கியிருக்க மாட்டேனா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். தினமும் காலையில் காய்ச்சல் பார்ப்பது போல அட்டையில் புறங்கையை வைத்துப் பார்த்தார். இளமை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டுதான் போயிற்று.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் தெரு அதைத் தன் போக்கில் ஏற்றுக்கொண்டது. எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, பீரோவில் இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். தையல்காரர் கம்பி போன குடையைக் கொண்டுவந்து புத்தகத்தின் பக்கத்தில் சாத்தினார். மேலத் தெருவிலிருந்து ஒரு ஆச்சி இற்றுப்போன கல்யாணப் பட்டுச் சேலையைக் கொண்டுவந்தாள். முழங்கால் வலிக்காரர்கள் பீரோவில் காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன, ஒருத்தர் சூடத்தோடு வந்தார், "காயிதம் இருக்கப்பட்ட வீட்டுல நெருப்பா?" என்று ஆவுடையம்மாள் அவரை விரட்டினாள். டீக்கடைக்காரன் இன்னொரு பெஞ்சு போட்டான். ஆனால் புத்தகத்துக்குத் தன்னைத் தவிர வேறு யார்மேலும் அக்கறை இல்லை. குடை குடையாகவே இருந்தது, பட்டு இற்றுப் போனதாகவே இருந்தது. ஊறுகாய் ஜாடி ஒன்றுக்கு மட்டும் அது பலித்தது, பலித்ததும் தப்பாகப் போயிற்று. "ஆறு மாசம் ஊறுன மாங்கா அக்கா, இப்பம் பச்சையாக் கெடக்கு. எனக்கு ஜாடியும் வேண்டாம் இளமையும் வேண்டாம்" என்று அதைக் கொண்டுவந்து வைத்திருந்த பெண் ஜாடியைத் தூக்கிக்கொண்டு அழாத குறையாகப் போனாள்.

குற்றாலிங்கத்துக்கு இதெல்லாம் கண்ணிலேயே படவில்லை, ஏனென்றால் அந்த வாரம் அவருடைய கையெழுத்து மறைந்தது. முதல் பக்கத்து மூலையில், வாங்கின அன்றைக்குப் பொடி எழுத்தில் போட்ட கையெழுத்து. வெள்ளைத் தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்னையோட இதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். அடுத்துப் போனது பென்சில் எழுத்து. கோமதிநாயகம் செய்தி கேட்டு ஓடி வந்து மூன்றாம் அத்தியாயத்தைக் கிளி மூக்கு இடைவெளியில் தாமே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, "சாட்சி போயிட்டு. இனி எவனாவது கடுக்கன்னு கூப்பிட்டாம்னா பந்தியில அப்பளம் கெடையாது" என்று தெருவுக்கே அறிவித்தார்.

அதற்கப்புறம் வாசகசாலை முத்திரை. இப்போது கேரம் போர்டு மட்டும் மிச்சமிருக்கிற அந்த வாசகசாலையின் செயலாளர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, முத்திரை இருக்கிறவரை புத்தகம் சங்கத்துச் சொத்து, எடுத்து வையுங்கள் என்று நாற்காலியில் அமர்ந்தார். குற்றாலிங்கம் பேச, அவர் பேச, இருவரும் குனிந்து முத்திரையைப் பார்த்துக்கொண்டே வாதாட, ஊதா வட்டம் அவர்கள் கண்ணெதிரிலேயே வெளிறி, வெளிறி, இல்லாமல் போயிற்று. செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். "காப்பி போட்டிருக்கியளா மைனி?" என்று கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

இந்தப் போக்கு எங்கே போய் முடியும் என்று அன்று மத்தியானம்தான் குற்றாலிங்கத்துக்கு உறைத்தது. புத்தகம் எப்படிப் பிறக்கிறது என்பது அவருக்குத் தெரியும். முதலில் தாள், பிறகு மை, பிறகு மடிப்பு, பிறகு தையல். திரும்பிப் போகிற புத்தகம் அந்த வழியாகத்தான் போகும், கடைசியில் வெறும் தாள்தான் நிற்கும். உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் காத்துவந்தது ஒன்றுமே இல்லாமல் போகப் போகிறது. ஸ்கேன் வேண்டாம் என்று விரட்டிய மனுஷன் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். எந்திரத்திலிருந்து பளிச்சென்று வெள்ளைத் தாள் வந்தது. இன்னொன்று, அதுவும் வெள்ளை. "மிசின் நல்லாத்தான் இருக்கு சார்" என்று கடைக்காரர் சுல்தான் தம்முடைய ஆதார் அட்டையை வைத்து எடுத்துக் காட்டினார், அவர் முகம் தெள்ளத் தெளிவாக வந்தது. செல்போனில் எடுத்த படங்களும் அப்படியே, அட்டை விழுந்தது, மேஜைமேல் கிடந்த ஆவுடையம்மாளின் கைப்பிடித் துணி விழுந்தது, எழுத்து விழவில்லை.

மறுநாள் பொழுது விடிந்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. அந்தக் காலத்தில் பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அடித்து, மடித்து, அப்படியே தைத்து விற்றுவிடுவார்கள், மடிப்பு ஓரத்தை வாங்கினவன் கத்தியால் வெட்டிக்கொண்டுதான் படிக்க வேண்டும். புத்தகம் அந்த நாளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து பல் டாக்டர் செல்வின் ஞானராஜ் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். குற்றாலிங்கத்தின் ஜென்ம எதிரி அவர், பழம் புத்தகம் சேர்ப்பதில் இவருக்கு ஒரு படி மேல், எந்தப் பக்கத்தையும் விரலால் தொடாமல் பல் பிடுங்குகிற அறையின் இடுக்கியால்தான் புரட்டுவார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மடிப்புகளைப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, வெட்டிராதீங்க. ஒங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். வெட்டாத பிரதி இது, உலகத்துலயே கெடையாது."

"வெட்டுன பிரதியும்தான் உலகத்துல கெடையாது" என்றாள் ஆவுடையம்மாள்.

"நாளைக்கு எழுத்தே இருக்காது டாக்டர்" என்றார் குற்றாலிங்கம். சொல்லும்போதே தைத்திருந்த நூல் தானாக உருவிக்கொண்டு வந்து மேஜைமேல் சுருண்டு விழுந்தது.

"எழுத்து போனா போகட்டும். இன்னைக்கு ஒரு நாளாவது முழுசா இருக்குல்லா. சும்மா பாத்துக்கிட்டு இருப்போம்."

குற்றாலிங்கத்துக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவர் ஆயுசு முழுக்கச் செய்தது அதைத்தானே. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நடுவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் இருப்பதைப் போல இருந்தார்கள். ஆவுடையம்மாள் உள்ளே போய் வாழைப்பூ நறுக்குகிற கத்தியை எடுத்துவந்து புத்தகத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க பாருங்க. இத்தனை வருஷமா கதை என்னன்னு கேட்டேன், நீங்க வருஷத்தைச் சொன்னீங்க. இது போனப்பொறம் நான் கேட்டா என்ன சொல்லுவீங்க? இன்னையோட அந்த வருஷமும் போயிரும். எனக்கு இந்தக் கதை வேணும்."

அவள் எதையும் அப்படி நேராகக் கேட்டு அவர் பார்த்ததில்லை. கத்தியை எடுத்தார். டாக்டர், "ஐயோ அது வாழைப்பூக் கத்தி, பிசிறடிக்கும்!" என்று பதறிப்போய்த் தம் பையிலிருந்த ஈறு கீறுகிற கத்தியை எடுத்து, கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, முதல் மடிப்பைத் தாமே வெட்டினார்.

வீட்டுக்குள் கூட்டம் கொள்ளாமல் போகவே, கோயில் முன்னால் இருந்த பந்தலுக்குப் போய் அங்கே வைத்துத்தான் படித்தார்கள். டாக்டர் வெட்ட வெட்டக் குற்றாலிங்கம் படித்தார், அவர் தொண்டை கட்டியதும் ஆவுடையம்மாள் வாங்கிப் படித்தாள். குடத்தோடு தண்ணீருக்குப் போனவர்கள் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளதைச் சொன்னால் அது ஒரு படுமோசமான நாவல், முதல் மூன்று அத்தியாயத்தில் பங்கஜரத்னத்தின் கூந்தலை வர்ணித்து முடியவில்லை, நான்காவதில் ஒரு யானை வந்து காரணமில்லாமல் போகிறது. ஆனால் எங்கள் தெரு அதற்கு முன்னாலும் பின்னாலும் எதையும் அப்படி வாய் பிளந்து கேட்டதில்லை. எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கதை கேட்கிறபோது எவன் எழுதுவான்?

கதை இதுதான். பங்கஜரத்னத்தின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடுவதாகச் சொன்ன வைரக் கடுக்கன் முகூர்த்தத்தன்று காலையில் காணாமல் போகிறது. சந்தேகப்பட்டுத் தவசிப்பிள்ளையை அடித்து விரட்டுகிறார்கள். "பாத்தியளா, பாத்தியளா, சந்தேகம்தான்!" என்று கோமதிநாயகம் கத்தினார். கடுக்கன் போடாத மாமனார் வீட்டில் எனக்கென்ன வேலை என்று மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போகிறான், பங்கஜரத்னம் பிறந்த வீட்டிலேயே கண்ணீரும் கம்பலையுமாக உட்காருகிறாள்.

பிற்பகலில் மை ஈரமாயிற்று. பக்கத்தைத் திருப்பினால் எழுத்து விரலோடு வந்தது. ஆவுடையம்மாளின் கையெல்லாம் கறுப்பு, டாக்டர் இடுக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பத்து விரலாலும் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்த பக்கம் ஒவ்வொன்றும் கீழே வைக்கும்போது வெள்ளையாக இருந்தது. கடைசிப் பக்கத்தைக் குற்றாலிங்கம்தான் படித்தார், வரி வழுக்கிக்கொண்டு ஓட ஓட, வாய் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது.

கடுக்கனைக் களவாண்டது பங்கஜரத்னத்தின் அப்பாதான். மாப்பிள்ளைக்குக் கொடுக்க மனசு வராமல் அவரே அதைப் பட்டுத் துணியில் முடிந்து நெல் குதிருக்குள் போட்டுவைத்தார். காதில் போட்டதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு தினமும் எடுத்துப் பார்ப்பதோடு சரி. மகள் அழுகிற சத்தம் கேட்டது, அப்போதும் எடுத்துப் பார்த்தார். வயசாகி எந்தக் குதிரில் போட்டோம் என்பது மறந்துபோய், ஒரு தை மாதத்தில் நெல்லோடு நெல்லாகக் கடுக்கனும் அளந்து விற்றுப்போயிற்று.

'முற்றிற்று' என்று படித்துக் குற்றாலிங்கம் தாளை வைத்தார், அது வெள்ளையாக இருந்தது. குமாஸ்தாவின் மாமனார் ஏன் மார்கழி முழுக்க வெந்நீர் போட்டார் என்பது பந்தலுக்கு ஒரே நேரத்தில் விளங்கி, முதலில் கொல்லென்று ஒரு சிரிப்புக் கிளம்பியது. ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பீரோச் சாவி தொங்குகிற தம் அரைஞாணைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

தாள் அதோடு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் கந்தலைக் கூழாக்கித்தான் தாள் செய்தார்கள் போலிருக்கிறது, அடுத்த நாள் அது கந்தலாகி, அதற்கடுத்த நாள் சிவப்புக் கரை போட்ட நல்ல வேட்டியாகி மேஜைமேல் மடித்துக் கிடந்தது. "சுத்தி வச்ச வேட்டிதான் பழசாப் போச்சே, இதைக் கட்டிக்கோங்க" என்றாள் ஆவுடையம்மாள். கட்டிக்கொண்டார்.

ஆனால் ஒன்று மிஞ்சியது. கடைசிப் பக்கத்தைப் பிடித்திருந்த குற்றாலிங்கத்தின் வலது கைப் பெருவிரலில், 'முற்றிற்று' என்ற சொல் இடவலமாகத் திரும்பி, கண்ணாடியில் பார்த்தால் நேராக, எழுத்து சிதையாமல் ஒட்டியிருந்தது. டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதான் இப்பம் உலகத்துல ஒரே பிரதி" என்றார். பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவைக் கொண்டுவந்து விரலுக்கு அச்சு எடுக்கிறேன், அதுவரை தண்ணீர் படக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போனார். குற்றாலிங்கம் பெருவிரலைத் தூக்கியபடியே நடந்தார். குளிக்கும்போது அது வெளியே நின்றது. கரண்டியால் சாப்பிட்டார், இடக்கையால் கையெழுத்துப் போட்டார், யாராவது கைகொடுக்க வந்தால் ஓடினார். துணியில் சுற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் கண்ணாடி முன்னால் பிரித்துப் பார்த்தார். ஆவுடையம்மாள் கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்டாள்.

தம்மேல் விழுந்திருந்த பழி தீர்ந்த சந்தோஷத்தில் கோமதிநாயகம் பந்தலில் தெருவுக்கே சொதி விருந்து போட்டார். தேங்காய்ப்பால் முதல் பாலாகவே ஊற்றிய சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். குற்றாலிங்கம் இலை முன்னால் கரண்டியோடு உட்கார்ந்தார். கோமதிநாயகம் வாளியோடு வந்து நின்று கரண்டியைப் பார்த்தார்.

"சொதியைக் கரண்டியால திங்கவனுக்கு நான் ஊத்த மாட்டேன்."

பந்தி முழுக்க நிமிர்ந்து பார்த்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு யாரோ இருமினார்கள். ஆவுடையம்மாள் எழுந்து ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"கையைக் கழுவிட்டுச் சாப்பிடுங்க" என்றாள். தெருக்குழாயில் அன்றுதான் தண்ணீர் வந்திருந்தது.

அவர் துணியைப் பிரித்து விரலை ஒருதரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை. பிறகு செம்பைச் சாய்த்து நன்றாகத் தேய்த்துக் கழுவினார். கறுப்பாக ஒரு சொட்டு இலைக்குப் பக்கத்து மண்ணில் விழுந்து மறைந்தது. சொதியைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். ஆவுடையம்மாள் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள்.

"பிறகு அந்தக் கடுக்கன் யாரு கையில கெடைச்சுது?" என்று கேட்டாள்.

அவர் வருஷம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மென்றபடி யோசித்தார்.

"நெல்லை யாரு வாங்கியிருப்பா? கல்யாண வீட்டுக்குச் சமைக்கிறவன்தான் மொத்தமா வாங்குவான். தவசிப்பிள்ளை கையிலதான் கெடைச்சுது."

வாளி டமாரென்று கீழே இறங்கியது. "அப்போ கடைசியில நான்தான் களவாணியா?"

"களவாடல வே. கெடைச்சுது. நீரு அதை நேரா பங்கஜரத்னத்துகிட்டக் கொண்டுபோய்க் குடுத்துட்டீரு."

கோமதிநாயகம் அதை மனசுக்குள் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார். வாளியை எடுத்து அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றினார்.

"பிறகு?" என்றாள் ஆவுடையம்மாள்.